மழைக் கணக்கு போதாது, பயிரின் தாகத்தையும் அளக்க வேண்டும்

துவரம் பருப்பு விலை ஏறினால் முதல் பழி மளிகைக் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. 2015 அக்டோபரில் சில்லறை விலை கிலோ ரூ.200-ஐத் தொட்டபோது "பதுக்கல்" என்றார்கள். இருப்பு வரம்பு வந்தது, சோதனைகள் நடந்தன. பதுக்கியவர் ஒருவரும் இல்லை என்று நாம் வாதாடவில்லை. ஆனால் 2014, 2015 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பருவமழை குறைந்ததை மறந்துவிடலாகாது.

கலபுரகி, லாத்தூர் வட்டாரங்களில் துவரை பெரும்பாலும் மானாவாரிப் பயிர். ஜூன், ஜூலையில் விதைத்தால் டிசம்பர் முதல் அறுவடை. பூத்துக் காய் பிடிக்கும் பருவத்தில் வேருக்கு ஈரம் இல்லையென்றால் பூ உதிரும், மணி சிறுக்கும். மழையளவை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே அளவு மழை பெய்தாலும் ஆழமான கரிசல் மண் ஈரத்தைப் பல வாரம் தாங்கும். ஆழமில்லாத செம்மண் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஆகவே பயிரையே கேட்க வேண்டும். தண்ணீர் கிடைக்கும் செடி இலைத் துளைகள் வழியே நீராவியை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. தண்ணீர் குறைந்தால் துளைகளை மூடிக்கொள்கிறது; இலை சூடேறுகிறது. செடியைத் தொடாமலே அகச்சிவப்பு வெப்பமானி அந்தச் சூட்டைக் காட்டிவிடும். இலையின் வெப்பத்தைக் காற்றின் வெப்பத்தோடும் ஈரப்பதத்தோடும் ஒப்பிட்டு, பயிரின் நீர்த் தட்டுப்பாட்டை எண்ணாகச் சொல்லும் முறை 1981-லேயே வந்துவிட்டது. இன்று செயற்கைக்கோளும் நிலத்தின் சூட்டை அளக்கிறது. மேகமூட்டத்தில் அது தடுமாறும் என்பதால் வயல் அளவீடும் தேவை.

வசதியுள்ள பெரிய நிறுவனங்கள் இத்தகைய கணிப்பை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நமக்கோ தரகர் சொல்வதுதான் செய்தி. வதந்தியை நம்பி அவசரமாகச் சரக்குப் பிடித்து, இறக்குமதி வந்து விலை சரிந்ததும் முதலை இழந்தவர்கள் நம்மிலும் உண்டு.

டெல்லியில் மகலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் 2012 முதல் இயங்குகிறது. துவரை, உளுந்து, கடலை விளையும் மாவட்டங்களில் பயிரின் நீர் நிலையைச் செப்டம்பர் முதல் அறுவடை வரை வாரந்தோறும் எளிய தமிழில் அறிவிக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் அரசைக் கேட்க வேண்டும். இருப்பு வரம்பு விதிக்கும் முன் அந்தக் கணக்கை மக்கள் முன் வைக்கட்டும்.

நம் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை கேட்கும் அரசிடம், வயலின் அளவைக் கேட்க நமக்கும் உரிமை உண்டு.