கசியும் நுண்குழாய்க்கு நம் மண்ணில் ஒரு மாதிரி

குற்றாலத்தில் சாரல் இறங்கியதும் தென்காசி, செங்கோட்டை வயல்களில் வேலை மும்முரமாகும். இந்தியாவில் பாம்புக்கடியும் மழைக்காலத்தில்தான் மிகுதி. கண்ணாடி விரியன் கடித்து வருபவருக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்து, விஷமுறிவு மருந்து ஏற்றுகிறார்கள், உறைவு சீராகிறது. ஆனால் தென்னிந்திய நோயாளிகள் சிலருக்கு அதன் பிறகும் கன்னச் சுரப்பி வீங்குகிறது, கண்வெண்படலம் நீர்கோக்கிறது, ரத்த அழுத்தம் சரிகிறது. நுண்குழாய்கள் பிளாஸ்மாவைக் கசியவிடுவதே காரணம்.

இந்தக் கசிவை மருந்தின் தரச்சோதனை அளப்பதே இல்லை.

இந்திய மருந்தியல் நூலின்படி, ஒரு மில்லிலிட்டர் விஷமுறிவு மருந்து 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்க வேண்டும். எலி பிழைக்கிறதா என்பதே அங்கு அளவுகோல். குழாய்ச்சுவர் என்ன ஆனது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அதற்கு இடம் தரும் வழி 2024இல் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் சிப் ஒன்றில் கொலாஜன் கூழை ஒட்டி ரத்தக் குழாயின் உட்சுவரான எண்டோதீலியத்தின் மனிதச் செல்களைக் குழாயாக வளர்த்து, திரவம் ஓடவிட்டு, நான்கு பாம்புகளின் விஷத்தைச் செலுத்தினர். நம் நல்ல பாம்பின் விஷமும் அவற்றில் ஒன்று. சேதம் ஒரே விதமாக இல்லை: ஒரு வகையில் செல்களின் சவ்வே சிதைந்தது, இன்னொரு வகையில் செல் அடுக்கு தாங்குதளத்தை விட்டுப் பிரிந்தது. தட்டில் பரப்பி வளர்த்த செல்களில் இந்த வேறுபாட்டைப் பிரித்தறிவது கடினம்.

கண்ணாடி விரியனுக்கும் இதே போன்ற ஒரு மாதிரி இங்கே உருவாக வேண்டும். ஒரே இனத்தின் விஷமும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதை இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு காட்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு நுனி தூக்கிய குழிவிரியனும் உண்டு; இந்தியாவின் நான்கு முக்கிய நச்சுப்பாம்புகளுக்கான இன்றைய மருந்து அதன் விஷத்துக்குப் பயன்படுவதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் தஞ்சை சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் இந்த மாதிரியை உருவாக்கத் தேவையான திசுப் பொறியியல் அனுபவம் இருக்கிறது.

எண்டோதீலியம் மட்டும் போதாது. நுண்குழாயைச் சுற்றியுள்ள பெரிசைட் செல்களும் அடித்தளச் சவ்வும் வேண்டும். உறைவுக் காரணிகளோடு மனித பிளாஸ்மா ஓட வேண்டும். ஒளிரும் டெக்ஸ்ட்ரான் வெளியேறும் வேகத்தால் கசிவை அளந்து, கடிபட்டவரின் ஹீமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) உயர்வோடு ஒப்பிட வேண்டும். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. அப்பதிவேட்டில் கன்ன வீக்கத்துக்கும் ஹீமாட்டோகிரிட்டுக்கும் இரண்டு கட்டங்கள் சேர்த்தால், தென்காசி அரசு மருத்துவமனையின் பதிவுகளே மாதிரியைச் சரிபார்க்கும் தரவாகும். திசுப் பொறியியலாளர்களும் மருத்துவர்களும் இந்த மழைக்காலத்துக்குள் கலந்து பேசத் தொடங்க வேண்டும்.