ஆடிக் கலவரம் இல்லாத மலர்

வெள்ளவத்தையில் ஒன்றாகப் படித்து, இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிதறியிருக்கும் ஒரு வகுப்பினர், பாடசாலையை விட்டு நீங்கிய 40 ஆண்டு நிறைவுக்கு மலர் வெளியிட்டிருக்கிறார்கள். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். என் கருத்தையும் கேட்டிருந்தார்கள். சொல்கிறேன், கோபிக்கக் கூடாது.

மலரில் கிரிக்கெட் உண்டு. சவோய் தியேட்டரில் களவாகப் பார்த்த படம் உண்டு. கணித ஆசிரியரின் பிரம்புகூட உண்டு. 1983 ஜூலை மட்டும் இல்லை.

ஜூலை 25, திங்கட்கிழமை. வெள்ளவத்தை எரிந்தது. காடையர் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. அதன் பின்னர் உங்கள் வகுப்பு இடாப்பில் எத்தனை பெயர்கள் வெட்டப்பட்டன? பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. இளம் நிருபனாக அங்கே போயிருந்தேன். கரும்பலகையில் பாடம் அழிக்கப்படாமல் கிடந்தது. அதன் கீழே குழந்தைகள் உறங்கின. பலர் 'லங்கா கல்யாணி' போன்ற சரக்குக் கப்பல்களில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தனர்.

"இனிய நினைவுகளுக்கு நடுவே அரசியல் எதற்கு?" என்று மலராசிரியர் தொலைபேசியில் கேட்டார். குழுப்படத்தின் பின்வரிசை ஏன் பாதியாய்க் குறைந்தது என்பது அரசியலா, வகுப்பின் வரலாறா? கொழும்புப் பாடசாலையின் மலரை ரொறன்ரோவில் அச்சிட நேர்ந்ததே அந்த வாரத்தினால் அல்லவா, ஐயா!

இரண்டாம் பதிப்பு வரவிருக்கிறதாம். 1983 ஜூன் மாத இடாப்பைத் தேடியெடுங்கள். கோட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸேறி வந்து படித்த பிள்ளைகள் உட்பட, அதிலுள்ள பெயர்கள் அனைத்தையும் அச்சிடுங்கள். இன்று முகவரி தெரியாதவர்களின் பெயர்களையும்.