லொகேஷன் சொல்ல மாட்டேன்

நண்பன் ஒரு ரீல் அனுப்பியிருந்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குன்று. யானை மேல் யானை ஏறி நிற்பதுபோலப் பாறைகள், நடுவில் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு ஒரு சந்து, பின்னணியில் வழக்கமான அந்த வயலின். 'யாருமே போகாத பாதை. கூட்டம் வந்தா கெட்டுப்போயிடும், அதனால லொகேஷன் சொல்ல மாட்டேன்' என்று எழுத்து ஓடியது. கீழே வரிசையாக 'ரெஸ்பெக்ட் ப்ரோ'. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இடத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. பின்னால் தெரிந்த ஏரியை சாட்டிலைட் படத்தில் தேடினேன், கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு போனேன். முட்புதருக்குள் ஓரடி அகலத்தில் தேய்ந்த தடம், நெடுக ஆட்டுப் புழுக்கை. யாருமே போகாமல் அது எப்படிப் பாதையானது என்று அந்த ஆள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை போல. மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். "இது எங்க ஆடு போற வழி தம்பி. அதோ இருக்குதே, அது தவளைக்கல்லு. மழை வந்தா அதுக்கடியிலதான் குந்துவோம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தாண்ட போவாத, ரெண்டு மணிக்கு வெடி வைப்பாங்க" என்றார். குன்றின் மறுபக்கம் பாதி இல்லை.

அந்தத் தவளைக்கல் உருவான கதை எந்த ரீலையும்விடப் பெரியது. பாறை மண்ணுக்கடியில் இருக்கும்போதே விரிசல் வழியே நீர் இறங்கும். முனைகளை எல்லாப் பக்கமிருந்தும் நீர் தாக்குவதால் அவைதான் முதலில் உதிரும். சதுரக் கட்டி மெல்ல உருண்டையாகும். பிறகு மேல்மண் கரைந்துபோக, உருண்டை வெளியே தெரியும். எத்தனையோ லட்சம் ஆண்டு வேலை. ஜல்லியும் எம்-சாண்டும் ஆக்க கிரஷருக்கு ஒரு மத்தியானம் போதும்.

வருவாய்த்துறைப் பதிவேட்டில் இப்படிப்பட்ட நிலத்துக்குக் கல்லாங்குத்து, பாறைப் புறம்போக்கு என்று பெயர் இருக்கும். பயிர் வராது, வரி வராது, ஆகவே ஒன்றுமில்லை. ரீல்காரரின் 'யாருமே போகாத' என்பதும் பதிவேட்டின் 'ஒன்றுமில்லை' என்பதும் எனக்கு ஒரே வாக்கியமாகத்தான் கேட்கிறது. குவாரி குத்தகை கேட்பவருக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடைக்காது.

விதிகளைப் பாருங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக்கூடாது என்கிறது தமிழ்நாட்டு விதி. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம் என்றால், 2010 திருத்தத்தின்படி சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. எல்லாமே ஏதோ ஒரு புள்ளியிலிருந்து அளக்கும் தூரம். வரைபடத்தில் புள்ளியே இல்லாத குன்றுக்கு எங்கிருந்து அளப்பது? வல்லம் குன்றைப் பாருங்கள், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில்தான் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்பவன் அங்கே ஒரு குடைவரை செய்து தன் பெயரையும் வெட்டிவைத்தான். லொகேஷன் சொன்ன ஆள்!

பல்லாவரத்துக்கு அந்த யோகம் இல்லை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஊர். சார்னோகைட் என்று உலகமெங்கும் புவியியல் மாணவர்கள் படிக்கும் பாறைக்கு ஹாலண்ட் பெயர் வைத்தது கல்கத்தாவில் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து. அந்தக் கல்லே இந்தப் பக்கத்து மலையிலிருந்து போனதுதான். இன்று அங்கே போனால் பார்க்கக் கிடைப்பது வெட்டிய சுவர்களும் தண்ணீர் நின்ற குழிகளும். நான் குடியிருக்கும் ஓஎம்ஆர் அடுக்குமாடியின் கான்கிரீட்டிலும் இந்த மாவட்டத்துக் குன்று ஏதாவது ஒன்று இருக்கும். அதை மறைக்க விரும்பவில்லை.

கூட்டம் வந்தால் குப்பை வரும் என்பது பொய்யில்லை. மாமல்லபுரத்தில் வெண்ணெய் உருண்டையைத் தாங்குவதுபோல் போஸ் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். 2019இல் மோடியும் ஷி ஜின்பிங்கும் அதன் முன்னால் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்ட சூட்டோடு நாற்பது ரூபாய் டிக்கெட்டும் வந்தது. சிப்ஸ் பாக்கெட்டும் கிடக்கிறது, காதலர் பெயர்களும் இருக்கின்றன. (திருக்கழுக்குன்றம் ஒருகல் மண்டபத்தில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்களே பெயர் கீறியிருக்கிறார்கள், நம் ஆட்களை மட்டும் திட்டி என்ன பயன்?) ஆனால் பாக்கெட்டைப் பொறுக்கலாம். அதே ஊரில் குன்றுக்கு மேற்கே, பிடாரி ரதங்களும் வலையன்குட்டை ரதமும் பாதி செதுக்கியபடி கிடக்கின்றன, அங்கே வரிசையே இல்லை. தனிமைதான் வேண்டுமென்றால் அங்கே போய் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இறங்கும்போது அந்த அம்மாவிடம் மற்றக் கல்லுக்கும் பெயர் கேட்டேன். நாலு சொன்னார், ஐந்தாவதற்கு "அது சும்மா கல்லு" என்றார். வீட்டுக்கு வந்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஆட்டுவழியை வரைந்தேன். தவளைக்கல்லோடு சேர்த்து நாலு பெயரையும் தமிழிலேயே ஏற்றினேன். குவாரியின் விளிம்பையும் குறித்திருக்கிறேன், தேதி போட்டு. நண்பனுக்கு லிங்க் அனுப்பியதும், 'டேய், ஏண்டா போட்ட?' என்று பதில் வந்தது.