மூட்டை எண்ணினால் ஊர் தப்புமா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ ஆட்சியர் அலுவலகங்களில் வடகிழக்குப் பருவமழை முன்னெச்சரிக்கை ஆய்வுக் கூட்டம் நடக்கும். மறுநாள் நாளிதழில் செய்தி வரும். இத்தனை ஆயிரம் மணல் மூட்டைகள், இத்தனை மரம் அறுக்கும் இயந்திரங்கள், இத்தனை ஜேசிபி, இத்தனை படகுகள், இத்தனை புகலிட மையங்கள், இத்தனை முதல்நிலைப் பொறுப்பாளர்கள். மாவட்ட நிர்வாகம் தயார் நிலையில் உள்ளது என்று செய்தி முடியும். படித்துவிட்டு நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். அரசு தயார் என்றால் ஊரும் தயார் என்றே எடுத்துக்கொள்கிறோம். இந்த நம்பிக்கை தவறு. பல உயிர்களைக் காவு வாங்கிய தவறு.

அந்த எண்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. மணல் மூட்டை இருக்கிறது, படகு இருக்கிறது, 1077-க்கு அழைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் ஆள் எடுக்கிறார். மழை நாட்களில் கிராம நிர்வாக அலுவலரும் கிராம உதவியாளரும் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் ஆட்களை அழைத்துவருவதை ஊரே பார்த்திருக்கிறது. என் கண்டனம் அவர்கள்மீது அல்ல. கிடங்கில் கிடப்பதை எண்ணி, அதற்கு ஊரின் தயார்நிலை என்று பெயர் வைத்து மேலிடத்துக்கு அனுப்பும் முறைமீதுதான்.

ஓர் ஊர் தயாராக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கேட்க வேண்டியவை வேறு. நள்ளிரவில் ஏரிக்கரை உடைந்தால் கீழத்தெருவுக்கு யார் போய்ச் சொல்வார்? படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவியை யார் தூக்குவார்? வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் எந்த வழியாக மருத்துவமனைக்குப் போவார்? புகலிட மையம் என்று குறித்திருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை முதலில் மூழ்கும் பாதையா? காலனி மக்களும் ஊர் மக்களும் ஒரே கூரையின் கீழ் தங்க விடுவார்களா? கடைசிக் கேள்வியைக் கற்பனையாகக் கேட்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பகுதி முகாம்களில் தலித்துகள் ஒதுக்கிவைக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. புகலிட மையங்களின் எண்ணிக்கையை எழுதும் படிவத்தில் இதை எழுத இடமே இல்லை.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும், அதை ஆண்டுதோறும் மறுஆய்வு செய்து புதுப்பிக்க வேண்டும் என்கிறது. பல மாவட்டங்களின் திட்டம் இணையத்தில் கிடைக்கிறது. திறந்தால் பக்கம் பக்கமாகப் பட்டியல்கள்: வட்டாட்சியர்கள், தீயணைப்பு நிலையங்கள், நீச்சல் தெரிந்தவர்கள், பாம்பு பிடிப்பவர்கள், மரம் வெட்டுபவர்கள், திருமண மண்டபங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கைபேசி எண். அதிகாரி மாற்றலாகிப் போனால் அந்த வரிக்குப் பயன் இல்லை. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. யாருடைய உயிரைக் காக்க எழுதப்பட்டதோ அவர்களால் படிக்க முடியாத ஒரு திட்டத்தை அவர்களுடைய தயார்நிலை என்று எப்படி அழைப்பது?

இந்தத் திட்டங்களின் நடுநாயகம் 'பாதிப்புக்கு உள்ளாகும் பகுதிகள்' பட்டியல். 2020 பருவமழையின்போது தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் 4,133 என்று அரசு அறிவித்தது. மிக அதிகம் 321, அதிகம் 797, மிதமானவை 1,096, குறைவானவை 1,919. கணக்கு துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட பட்டியல் பெரும்பாலும் முன்பு எங்கே தண்ணீர் தேங்கியது என்பதைப் பார்த்து எழுதப்படுவது. நேற்றைய வெள்ளம் அதில் இருக்கும். நேற்று வயலாக இருந்து இன்று மனையாகிவிட்ட இடத்துக்கு நாளை வரப்போகும் வெள்ளம் இருக்காது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் இதை அனுபவித்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த வட்டாரத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். ஏரல் துண்டிக்கப்பட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்தின் கீழ் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனது. அடுத்த சில நாட்கள் நடந்த விவாதத்தை நினைத்துப்பாருங்கள். 12-ஆம் தேதியே எச்சரித்தோம் என்றது ஒன்றிய அரசு. சொன்ன அளவுக்கும் பெய்த அளவுக்கும் தொடர்பே இல்லை என்றது மாநில அரசு. எச்சரிக்கை தில்லியிலிருந்து புறப்பட்டதா, சென்னைக்கு வந்ததா என்பதோடு விவாதம் நின்றுவிட்டது. ஏரலில் ஆற்றங்கரையில் குடியிருந்தவருக்கு அது எத்தனை மணிக்கு, யார் வாயால், எந்தச் சொற்களில் போய்ச் சேர்ந்தது என்று இரு தரப்பும் கேட்கவில்லை. ரயிலில் சிக்கியவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த ஊரின் அரிசியும் அடுப்பும் ஆட்களும் எந்தத் தயார்நிலை அறிக்கையிலும் எண்ணப்பட்டதில்லை.

எண்ணிக்கை எப்படிக் கொல்லும் என்பதற்கு ஒக்கி புயலைவிடக் கொடிய சான்று தேவையில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தூத்தூர், சின்னத்துறை, பூத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அடுத்தடுத்து ஊர்கள். சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிப்பவர்கள். 2017 நவம்பர் 29-ஆம் தேதி, மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலைக்குள் தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. செல்ல வேண்டாம் என்ற சொல், கரையில் இருப்பவருக்குச் சொல்லப்பட்ட சொல். ஏற்கெனவே நூற்றுக்கணக்கான கடல்மைல் தள்ளி இருந்தவருக்கு அதனால் என்ன பயன்? அவர்களிடம் இருந்த விஎச்எஃப் வானொலிக் கருவிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. அரசின் கணக்கில் ஆபத்து கரையோடு முடிந்துவிட்டது, அந்த ஊர்களின் ஆண்களோ அந்தக் கரைக்கு அப்பால் இருந்தார்கள்.

பிறகு வந்த அவமானம் இன்னும் பெரியது. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்றுகூட அரசால் சொல்ல முடியவில்லை. அதிகாரிகள் ஓர் எண் சொன்னார்கள், மறுநாள் மாற்றினார்கள். பங்குத்தந்தையர்களும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகப் போய், எந்தப் படகு, யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பினார்கள் என்று எழுதிய பட்டியல்களில்தான் உண்மை இருந்தது. தேடுவதற்கும் மீனவர்களே படகெடுத்துப் போனார்கள், எந்தத் திசையில் நீரோட்டம் இழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். டிசம்பர் முதல் வாரத்தில் குழித்துறையில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்து மறியல் செய்தது, காணாமல்போன எங்கள் ஆட்களை மீட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான். ஊர் வைத்திருந்த கணக்கு புயலுக்கு முன்பே அரசின் கணக்காகியிருந்தால் முதல் மூன்று நாட்கள் வீணாகியிருக்காது.

எண்களைச் சொல்லிவிட்டால் எச்சரித்ததாகிவிடும் என்ற எண்ணமும் இதே நோயின் இன்னொரு முகம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. சென்னையின் சைதாப்பேட்டையிலோ ஜாஃபர்கான்பேட்டையிலோ தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு 29,000 கன அடி என்றால் என்ன? என் தெருவில் எத்தனை அடி ஏறும், எத்தனை மணிக்கு ஏறும் என்பதுதான் அவர் கேள்வி. அதற்குப் பதில் சொல்லாத எச்சரிக்கை, பின்னாளில் விசாரணைக்குக் காட்ட உதவும், அன்றிரவு மாடி ஏற உதவாது. நூறாண்டு காணாத மழை என்ற விளக்கம் உடனே வந்தது. தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது உண்மைதான். ஆனால் 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. மூன்றாண்டுக்குப் பிறகு கிடைத்த அந்த உண்மையால் செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை.

தணிக்கை முன்கூட்டி வந்தாலும் மதிக்கப்படுவதில்லை என்பதற்கு உத்தராகண்ட் சாட்சி. பேரிடர்த் தயார்நிலை பற்றிய தணிக்கை அறிக்கை 2013 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2007 அக்டோபரில் அமைக்கப்பட்ட உத்தராகண்ட் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஒருமுறைகூடக் கூடவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதே 2013 ஜூன் மாதம் கேதார்நாத் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆணையம் அமைக்கப்பட்டதா என்று கேட்கும் படிவத்தில் அந்த மாநிலம் ஆண்டுதோறும் 'ஆம்' என்று எழுதலாம். கூடியதா என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

உலக அளவிலும் இதே கதை. 2005 முதல் 2015 வரை நடப்பில் இருந்த, பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்கான ஹியோகோ செயல்திட்டத்தில், ஒவ்வொரு நாடும் தன் முன்னேற்றத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை தானே மதிப்பெண் போட்டுக்கொண்டது. அதன்பின் வந்த செண்டாய் செயல்திட்டத்தில் 38 குறியீடுகள். அவற்றை நிரப்பி அனுப்புவதும் அந்தந்த நாடுதான். தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தும் ஏற்பாடு இது.

அப்படியானால் உயிரிழப்பு குறைந்திருக்கிறதே, அது அரசின் சாதனை இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒடிசாவில் 1999 பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டு, இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. ஆனால் அந்த மாநிலம் வெறும் கட்டடங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. புயல் பாதுகாப்பு மையங்களுக்கு உள்ளூர்க் குழுக்களை அமைத்தது, தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தியது. 2020-இல் கஞ்சம் மாவட்டத்தின் வெங்கட்ராய்ப்பூரும் ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் நோலியாசாஹியும் சுனாமிக்குத் தயாரான ஊர்கள் என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்திடம் அங்கீகாரம் பெற்றன. அந்த மதிப்பீட்டில், அபாயப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வெளியேறும் வழி வரைபடமாக இருக்கிறதா, எச்சரிக்கை எந்நேரமும் வந்துசேர ஏற்பாடு உண்டா, ஒத்திகை நடந்ததா என்று ஊரைத்தான் சோதிக்கிறார்கள். அந்த அங்கீகாரமும் நிரந்தரமில்லை, சில ஆண்டுகளில் மீண்டும் நிரூபிக்க வேண்டும்.

மக்களுக்கு அளக்கத் தெரியாது என்ற வாதமும் நிற்காது. வயநாட்டில் ஹியூம் மையம் என்ற ஆய்வு அமைப்பு உள்ளூர்க்காரர்களைக் கொண்டு 200-க்கும் மேற்பட்ட மழைமானிகளில் தினமும் மழையை அளக்கிறது. 2024 ஜூலை 29 காலையிலேயே நிலச்சரிவு அபாயம் பற்றி அது மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்தது. மறுநாள் விடியுமுன் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. ஊரின் அளவு சரியாக இருந்தது, அதை முடிவாக மாற்றும் வழிதான் அரசிடம் இல்லை.

2025-இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், தேசிய அளவிலும் மாநில அளவிலும் தரவுத்தளம் வேண்டும், அதில் ஆபத்துப் பதிவேடும் தயார்நிலைத் திட்டமும் இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அதை அதிகாரி நிரப்பி அதிகாரியே படிப்பதானால் பழைய மூட்டைக் கணக்கு கணினிக்கு மாறியதாக மட்டுமே ஆகும். ஒவ்வொரு ஊராட்சிக்குமான பக்கம் தமிழில் வேண்டும். எந்த ஏரி, எந்தக் கலிங்கு, எந்தத் தெரு, எந்தப் பள்ளி, சாவி யாரிடம், கடலில் யார், படுக்கையில் யார் என்று அதில் இருக்க வேண்டும். நோயாளிகளின் பெயரை ஊர் முன் வைக்க வேண்டாம், அந்தத் தெருவுக்குப் பொறுப்பானவரிடம் இருந்தால் போதும். மற்ற அனைத்தும் கிராம சபையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும். இது தவறு, அந்தப் பாதை இப்போது இல்லை, அந்தப் பள்ளியில் கழிப்பறை இல்லை என்று ஊர் சொன்னால், அந்த மறுப்பும் அறிக்கையோடு சேர்ந்தே ஆட்சியருக்குப் போக வேண்டும். நகரங்களில் வார்டுதோறும் பகுதி சபையில் இதையே செய்யலாம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டத்தில் வாசித்தால் மழை வாசலுக்கு வந்துவிட்டிருக்கும், நவம்பர் 1 என்றால் வீட்டுக்குள்ளேயே வந்திருக்கும். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் வாசியுங்கள். கலிங்கைச் சரிசெய்யவும் சாவியைத் தேடவும் இரண்டு மாதம் கிடைக்கும்.