நிரூபிக்க வேண்டியவர் யார்?

நஞ்சுண்டவனே நஞ்சை நிரூபிக்க வேண்டுமென்பது நீதியாகுமா? ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கமக்காரர் பட்ட பாட்டை அறிந்தோர் இவ்வினாவை எழுப்பாதிரார்.

1973 ஆம் ஆண்டில் அம்மாநிலத்து இரசாயனக் கம்பனியொன்று இரு பொருள்களை விற்று வந்தது. ஒன்று பசுத்தீவனத்திற் சேர்க்கும் மக்னீசியம் ஒட்சைட்டு, பெயர் நியூட்ரிமாஸ்டர். மற்றையது பிளாஸ்திக்கு எளிதில் தீப்பற்றாதிருக்கக் கலக்கும் புறோமீன் சேர்வை; பெயர் ஃபயர்மாஸ்டர். முன்னதற்குப் பதிலாகப் பின்னதன் மூடைகள் தீவன ஆலைக்குச் சென்றன. பசுக்கள் தீன் மறுத்தன, பால் வற்றியது, குளம்புகள் கோணி வளர்ந்தன. காரணம் வெளிப்பட ஓராண்டளவு சென்றது. அதற்குள் பாலாகவும் முட்டையாகவும் இறைச்சியாகவும் அந்நஞ்சு மக்களுடலிற் புகுந்துவிட்டது. ஏறக்குறைய 30,000 மாடுகளும் 15 இலட்சம் கோழிகளும் கொன்றழிக்கப்பட்டன.

இச்சேர்வைகள் எளிதிற் சிதைவன அல்ல. கொழுப்பிற் படிந்து தங்கித் தாய்ப்பால் வழியே மகவையும் அடைவன. நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரும் மிச்சிகன் மக்களின் இரத்தத்தில் அது காணப்பட்டது.

மிகுதியாக நஞ்சேறிய பண்ணைகளுக்கு நட்டஈடு கிடைத்தது. குறைவாக நஞ்சேறிய மந்தையை இழந்த கமக்காரர் ஒருவர் நீதிமன்றம் ஏறினார். ஓராண்டுக்கு மேல் நீடித்த விசாரணையின் முடிவில், 1978 இல், அச்சிறு அளவே தீங்கு விளைத்ததென்பது நிரூபிக்கப்படவில்லை எனத் தீர்ப்பாயிற்று. வழக்குரைத்தவர் தோற்றார்.

குற்றஞ்சாட்டப்பட்ட மனிதனைக் குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதியாகக் கொள்வது சட்டத்தின் மாண்பு. அம்மாண்பை ஓர் இரசாயனப் பொருளுக்கும் வழங்குவது சட்டத்தின் மடமை. மனிதனுக்கு உரிமையுண்டு, மூடைக்கு ஏது உரிமை?

தீயினின்று உயிரைக் காப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஆயின், மிச்சிகனைக் கெடுத்த சேர்வை கைவிடப்பட, அதன் உறவான வேறு புறோமீன் சேர்வைகள் மெத்தைகளிலும் மின்கருவிகளிலும் இடம்பிடித்தன. ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் அவற்றுட் சில 2009 இலும், இன்னொன்று 2017 இலுமே சேர்க்கப்பட்டன. ஒவ்வொரு நஞ்சும் பல்லாண்டுகள் மக்களுடலிலே பரீட்சிக்கப்பட்ட பின்னரன்றோ தடையுண்டது!

இலங்கை 2005 இல் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. கையொப்பமிட்டதோடு கடமை தீர்ந்துவிடாது. பழைய தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றின் பிளாஸ்திக்குக் கூடுகளில் இந்நஞ்சுகள் இருக்கக்கூடும். அவற்றைக் குப்பையோடு எரிப்பின் அவற்றினுங் கொடிய டயொக்சின் இனத்து நஞ்சுகள் பிறக்கும். அப்புகை படியும் புல்லைத்தான் நம் பசுக்கள் மேய்கின்றன.

ஆதலின், உள்ளூராட்சிச் சபைகள் இப்பொருள்களைத் தனியே சேகரித்தல் வேண்டும். திறந்தவெளியில் எரித்தலைத் தடுத்தல் வேண்டும். இறக்குமதி செய்வோர் தம் பண்டத்திற் கலந்திருப்பது யாதென முன்கூட்டியே வெளிப்படுத்தச் சட்டம் வேண்டும். தீங்கில்லையென நிரூபிக்கும் பொறுப்பு விற்பவனுடையதே. வாங்குபவனுடையதன்று, வயலில் நிற்பவனுடையது அறவே அன்று.