மாப்ள, ப்ரோ, காலனி: எங்கள் பிள்ளைகள் வாயில் புழங்கும் சொற்கள்

போடியிலிருந்து வரும் சாலை முந்தலில் இரண்டாகப் பிரியும். ஒன்று போடிமெட்டு ஏறி கேரளா போகும், இன்னொன்று குரங்கணிக்கு. அந்தக் குரங்கணிப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். மழை வலுத்த ஒரு நாள் கரண்டு போய்விட்டது. இனி கணக்குப் பாடம் ஓடாது என்று தெரிந்ததும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தோம். "முன்பக்கம் உங்களுக்குப் பிடிச்ச வார்த்தை எல்லாம் எழுதுங்க. பின்பக்கம் பிடிக்காத வார்த்தை. பேரு எழுத வேணாம்." செல்போன் வெளிச்சத்தில் எழுதிக் கொடுத்தார்கள்.

முன்பக்கத்தில் நாங்கள் எதிர்பார்த்ததுதான் இருந்தது. கெத்து, மாஸ், வேற லெவல், ப்ரோ, நண்பா, லந்து, அலப்பறை, பரோட்டா, லீவு. மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வரும் வீடுகள் என்பதால் 'அடிபொளி'யும் 'சேச்சி'யும் உண்டு. பின்பக்கத்தைப் புரட்டியபோதுதான் எங்களுக்குப் பேச்சு நின்றது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது: காலனி.

இங்கிலாந்தில் பிபிசி நடத்தும் கதைப் போட்டிக்குக் குழந்தைகள் அனுப்பும் கதைகளை வைத்து, ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் ஆண்டுதோறும் 'குழந்தைகளின் சொல்' என்று ஒன்றை அறிவித்து வந்தார்கள். 2016-ல் 'அகதி'. 2018-ல் 'பிளாஸ்டிக்'. கொரோனா வந்தபின் 2021-ல், கதைகளை வைத்து அல்லாமல் பிள்ளைகளிடமே கேட்டு அறிவித்தது 'பதற்றம்'. பிள்ளைகள் எதைக் கேட்டு வளர்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று அந்த நாட்டில் சொல்லை எண்ணிப் பார்க்கிறார்கள். நம் ஊரில் பிள்ளைகளின் பேச்சு என்றால் "கெட்டுப் போச்சு" என்ற ஒரே வரியோடு முடித்துவிடுகிறோம். அதைச் சொல்பவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள், நாங்களும் இருந்தோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

'மாப்ள'யில் இருந்து தொடங்கலாம். மதுரை, தேனிப் பக்கம் பையன்கள் ஒருவரை ஒருவர் மாப்ள, மச்சான், பங்காளி என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவில் கேட்க அழகாக இருக்கும். ஆனால் மாப்ள என்பது உறவுமுறைச் சொல். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்பவனைத்தான் மாப்ள என்பார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பையன், பள்ளிக்கூடத்தில் கூட உட்காரும் ஊர்ப் பையனை ஒரு நாள் மாப்ள என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிடப்பட்டவன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அவனுடைய சித்தப்பா மகன்தான் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மறித்துக் கேட்டான்: "எந்த உறவுலடா எங்காளு ஒனக்கு மாப்ள?" அடி பெரிதில்லை. பெரியவர்கள் பேசி முடித்துவைத்தார்கள். முடித்து வைத்தது என்றால், நம் பையன் இனி 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும் என்று. இரண்டு பேருக்கும் ஒரே வயது.

அந்தப் பையன் இப்போது யாரையும் மாப்ள என்பதில்லை. 'ப்ரோ' என்கிறான்.

ப்ரோ என்று பேசுவதைப் பார்த்துத் தமிழ் அழிகிறது என்று கவலைப்படும் ஆசிரியர்களை நமக்குத் தெரியும். நாங்கள் அந்தக் கவலையை ஏற்கவில்லை. ப்ரோ உறவுமுறை கேட்காது. பெண் கொடுப்பாயா, எடுப்பாயா, எந்தத் தெரு என்று கேட்காது. இருக்கிற தமிழ்ச் சொற்களெல்லாம் சாதியின் வேலிக்குள் கிடக்கும்போது, வெளியே கிடக்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். 'நண்பா'வும் அப்படித்தான். அது தமிழ்தானே, அதைப் பிடித்த சொல்லாக எழுதியிருக்கிறார்களே என்று யாரும் மகிழ்வதில்லை.

'சாமி' இன்னும் நுட்பமானது. எங்கள் அப்பத்தாமார் பேரப்பிள்ளைகளை "என் சாமி" என்று கொஞ்சுவார்கள். அதே அப்பத்தா, தோட்ட முதலாளி வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை எதிரில் வந்தால் "வாங்க சாமி" என்பார். அந்தப் பிள்ளை அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். இரண்டும் ஒரே சொல், ஒரே வாய். குரல் வேறு என்பது பிள்ளைகளுக்குத் தெரிகிறது. இதை எங்களுக்கு எடுத்துச் சொன்னது ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளை: "எனக்குச் சொல்றப்ப அப்பத்தா குனியாது."

ஒரு தாளில் முன்பக்கமும் 'ஜீப்பு', பின்பக்கமும் 'ஜீப்பு'. விளையாட்டுக்கு எழுதியதாக நினைத்தோம். அந்தக் குடியிருப்பின் பெண்களில் பலர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். விடியும் முன்னே ஜீப்பு வந்துவிடும். மெட்டு ஏறி பூப்பாறைப் பக்கம் போய், கா எடுத்துவிட்டு இருட்டியபின் இறங்குவார்கள். ஜீப்பில் எத்தனை பேரை அடைப்பார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கவிழ்ந்த ஜீப்புகளின் கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். காலையில் அம்மாவைக் கொண்டுபோவதும் ஜீப்புதான், இரவில் கொண்டுவந்து விடுவதும் ஜீப்புதான். போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. கிலோ என்ன விலைக்குப் போனது என்பது பேப்பரில் வருகிறது. ஜீப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பது இந்தப் பிள்ளைகளின் தாளில்தான் வருகிறது.

வகுப்பு லீடருக்கு இவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கங்காணி'. இலங்கைக்கும் மலேயாவுக்கும் மூணாறுக்கும் நம் முன்னோர்களைத் தேயிலைக்கும் ரப்பருக்கும் கூட்டிப்போனவன் கங்காணி. கரும்பலகையில் பேசுகிறவன் பேரை எழுதுகிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான பேர் வேறு என்ன? சின்னப் பிள்ளைகள் 'குழு' விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருத்தி நோட்டை வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். இன்னொருத்தி கதவுக்குப் பின்னால் இருந்து "அம்மா இல்ல" என்பாள். மைக்ரோ பைனான்ஸ் வசூல் எங்கள் வீடுகளில் எப்படி நடக்கிறது என்று யாராவது ஆய்வு செய்ய வந்தால், முதலில் இந்த விளையாட்டைப் பார்க்கச் சொல்வோம்.

மேலே மலையில் டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன். இரண்டு இடத்திலும் ரயில் இல்லை. மூணாற்றுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கோட்டகுடிக்கு இறக்கிய காலத்துப் பெயர்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. நூறு ஆண்டாகியும் கம்பெனி வைத்த பெயர் பிள்ளைகள் வாயில் இருக்கிறது. அந்தப் பெட்டிகளைத் தூக்கிச் சுமந்தவர்கள் யாருடைய பெயரும் எந்த வளைவுக்கும் இல்லை. 2018 மார்ச்சில் இந்த மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். 'ட்ரெக்கிங்' என்ற சொல் இங்குள்ள பலருக்கு அப்போதுதான் அறிமுகம். நம் ஆட்கள் கூலிக்கும் விறகுக்கும் ஏறி இறங்கும் சரிவுக்கு அப்படியும் ஒரு பேர் உண்டு என்று.

இனி காலனி.

சென்னையிலோ மதுரையிலோ பேங்க் காலனி, ரயில்வே காலனி என்றால் வாடகை கூடும். கிராமத்தில் காலனி என்றால் ஒன்றே ஒன்றுதான். அரசு நமக்கு வீட்டுமனை கொடுத்து அரிசனக் காலனி என்று பலகை வைத்தது. பிறகு ஆதிதிராவிடர் காலனி. அதைச் சுருக்கி ஏ.டி. காலனி. கடைசியில் முன்னால் இருந்த சொற்களெல்லாம் உதிர்ந்து காலனி மட்டும் மிஞ்சியது. வசவு முழுவதும் அதில் இறங்கிவிட்டது. "காலனிப் பய மாதிரி பேசாத" என்று ஊர்ப் பையன்கள் தங்களுக்குள்ளேயே திட்டிக்கொள்கிறார்கள். நம் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில், காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாக, வசைச்சொல்லாக மாறிவிட்டது என்பதுதான் காரணம். வரவேற்றோம், இப்போதும் வரவேற்கிறோம். அரசே வைத்த பலகையை அரசே கழற்றுவது நியாயம். ஆனால் இந்தக் கதை எங்களுக்குப் புதிதில்லை. 1922-ல் சென்னை மாகாண அரசு, எம்.சி. ராஜா முதலியோரின் முயற்சியால், பறையர், பஞ்சமர் என்று எழுதுவதை விட்டு ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. பெருமைக்குரிய பெயர் அது. இன்று பள்ளிக்கூடத்தில் "ஏ.டி. பசங்க எந்திரிங்க, ஸ்காலர்ஷிப் பாரம்" என்று ஒரு குரல் கேட்கும்போது அந்தப் பெருமை எங்கே போகிறது? 'சேரி'யும் வசவாகப் பிறந்த சொல் இல்லை. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி என்று வருகிறது. ஊர்நத்தம் தனியாக வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கோடு கிழித்தாகிவிட்டது. 'சண்டாளர்' தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளில் ஒன்றின் பெயர். அதைப் பாட்டிலும் காமெடியிலும் திட்டாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் மாநில ஆணையம் சொல்ல வேண்டியிருந்தது.

பலகை மாறும். சுடுகாட்டுப் பாதை தனியாக இருக்கும்வரை, டீக்கடையில் உட்காரும் இடம் தனியாக இருக்கும்வரை, புதுப் பெயரும் இரண்டு தலைமுறையில் பழைய பெயராகிவிடும். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். எந்தச் சொல்லால் அடிக்கிறார்களோ அதை முகப்பில் அச்சடித்து விற்றார். இரண்டு வழியும் நமக்கு வேண்டும் என்பதே எங்கள் கருத்து. எந்த வழி எப்போது என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அடி வாங்குகிறவர்கள்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். கடைக்குப் போகும் பிள்ளைகள் "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்பார்கள். நாங்கள் திருத்தினோம்: "நாம இருக்கறதும் ஊருதான்டா, அப்படிச் சொல்லக் கூடாது." ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப திருவிழா தேரு ஏண்ணே இங்கிட்டு வர்றதில்ல?" எங்களிடம் பதில் இல்லை. அவர்கள் சொன்னதுதான் சரியான தமிழ். நாங்கள்தான் பொய்யான தமிழைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தோம்.

பின்பக்கங்களில் இன்னொன்றும் இருந்தது. எழுதத் தயங்கினோம், மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை. ஒரு தாளில் பிடிக்காத சொல்லாக எழுதியிருந்தது நம் பிள்ளைகளே பயன்படுத்தும் சொல். துப்புரவு வேலை செய்யும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது. அந்தச் சொல்லை இங்கே அச்சிடப் போவதில்லை. மலையடிவாரத்துப் பளியர் பிள்ளைகளைக் கேலி செய்யவும் இவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதை நாம் கூட்டங்களில் பேசுகிறோம். அது எங்கள் பாயிலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது.

'ஆண்ட பரம்பரை'யும் அப்படியே. ரீல்ஸில் ஒரு சாதிப் பையன்கள் அதைப் போட்டால், நம் பையன்கள் பதிலுக்கு அதையே போடுகிறார்கள். 1989-ல் போடியிலும் சுற்றுவட்டாரத்திலும் நடந்த சாதிக் கலவரத்தைப் பார்த்த பெரியவர்கள் இந்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள்தான். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு வரைக்கும் பேசியது. கயிற்றை வாசலில் அவிழ்த்துவிடலாம். வாயில் இருக்கும் சொல்லை வாட்ச்மேன் சோதிக்க முடியாது. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது குற்றம். பெரியவர்கள் மேல் அதைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளை சொல்லும்போது, அது யாருடைய வீட்டுத் திண்ணையில் கேட்ட சொல் என்று தேடிப் போக வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தோழர்கள் உங்கள் ஊரில் மாலை வகுப்பு நடத்தினால் இதைச் செய்து பாருங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். வட்டார வழக்கை நல்ல தமிழாக்காதீர்கள். எழுதி முடித்ததும் விளக்கம் கேட்காதீர்கள். சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் நாலு நாள் கழித்துத் தானாக வந்து சொல்வார்கள். அடுத்தவரைத் திட்ட நீங்கள் பயன்படுத்தும் சொல் எது என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

தாள்களைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாமா என்று எங்களுக்குள் இரண்டு வாரம் வாக்குவாதம். கடைசியில் பிள்ளைகளிடமே கேட்டோம். கொடுங்க என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "எங்க கையெழுத்து சாருக்குத் தெரியும்ணே. நீங்க வேற தாள்ல எழுதிக் குடுங்க." இந்த வாரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.