பன்றிக்குப் பட்டினியா?

அமெரிக்காவில் கோடையில் நடக்கும் கண்காட்சிகளுக்குச் சிறுவர், சிறுமியர் தாங்கள் வளர்த்த பன்றிகளைப் போட்டிக்குக் கொண்டு வருகிறார்கள். பன்றிதானே என்று முகம் சுளிக்காதீர்கள். குளிப்பாட்டி, நடை பழக்கி, செல்லமாக வளர்க்கிறார்கள்!

20 கிலோ குட்டி 4 மாதத்தில் சுமார் 120 கிலோ ஆகிவிடும். மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும்தான் முக்கியத் தீனி. பல போட்டிகளில் எடைக்கு உச்ச வரம்பு உண்டு. மிஞ்சினால் இடம் கிடையாது.

அதற்குப் பயந்து சிலர் கடைசி நாட்களில் தீனியைக் குறைக்கிறார்கள். தண்ணீரைக்கூட நிறுத்துகிறார்கள். இது அக்கிரமம்! மனிதனைப் போலப் பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. வெயிலில் தண்ணீர் இல்லாவிட்டால் சுருண்டு விழும்.

வாரம் ஒரு முறை எடை போடுங்கள். முன்கூட்டியே தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். இந்தப் பாடே வராது. எடை போட மறந்தவர் பெரியவர். பட்டினி மட்டும் பன்றிக்கா?